ஹை பிரஸ் ஆடினா கால் போயிடுமா? கோச் மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சனிக்கிழமை ராத்திரி போன்ல பிரீமியர் லீக் மேட்ச். ஞாயிற்றுக்கிழமை காலையில தருவை மைதானத்துலயோ, மணப்பாட்டு மணல்லயோ, ஊர்க்கோயில் பக்கத்துல இருக்கிற செம்மண் கிரவுண்டுலயோ நம்ம மேட்ச். தூத்துக்குடி கடற்கரையில ஃபுட்பால் ஆடுற பசங்களோட வார இறுதி பெரும்பாலும் இப்படித்தான் போகும். ராத்திரி கண்ணுல பார்த்தது, காலையில காலுக்கு வந்துடும்.

"பந்து போச்சுன்னா அஞ்சு செகண்ட்ல திரும்ப எடுக்கணும். நிக்காத, ஓடு... ஓடு!" என்று லைனில் நின்று கோச் கத்துவார். முதல் ஸ்பிரின்ட் ஓகே. இரண்டாவதும் ஓகே. நாலாவது ஸ்பிரின்ட்டில் ஒரு பையன் சடாரென்று நின்று, தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

உடனே கிரவுண்டைச் சுற்றி நிற்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "மனுஷனை இப்படி நாய் மாதிரி ஓடவிட்டா இப்படித்தான் ஆகும்" என்பது ஒரு கட்சி. "அவனுக்கு ஸ்டாமினா பத்தல, கோச் என்ன பண்ணுவாரு" என்பது இன்னொரு கட்சி.

இதே சண்டை லிவர்பூலிலும் நடந்திருக்கிறது, லீட்ஸிலும் நடந்திருக்கிறது, டாட்டன்ஹாமிலும் நடந்திருக்கிறது. ஒரு மேனேஜரின் ஹை பிரஸ் ஸ்டைல்தான் வீரர்களைக் காயப்படுத்துகிறதா? நேரடியாக 'ஆமாம்', 'இல்லை' என்று சொல்லிவிட முடியாத கேள்வி இது. ஆனால் உங்கள் முட்டியும் தொடையும் சம்பந்தப்பட்டது என்பதால், பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

பிரஸ்ஸிங்கில் உடம்புக்கு என்ன நடக்குது?

ஹை பிரஸ் என்றால் விஷயம் சிம்பிள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது நம்ம கோல் பக்கம் பின்வாங்கிக் காத்திருக்காமல், அவர்கள் பாதியிலேயே போய் மறித்துப் பந்தைப் பறிப்பது. யூர்கன் கிளாப் இதன் ஒரு வகையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். பந்தை இழந்த அதே நொடியில் திருப்பித் தாக்குவது அது. ஜெர்மன் மொழியில் 'கெகன்பிரஸ்ஸிங்' என்று பெயர்.

டிவியில் பார்க்கும்போது இது வெறும் ஓட்டமாகத் தெரியும். உடம்புக்கு அது மூன்று தனித்தனி வேலைகள். ஒன்று, நின்ற இடத்திலிருந்து திடீர் வேகம். இரண்டு, பந்து வைத்திருப்பவன் முன்னால் போனதும் திடீர் பிரேக். மூன்று, அவன் பாஸ் கொடுத்ததும் திடீர் திருப்பம்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்த பிரேக்கைத்தான். வேகம் எடுப்பதைவிட வேகத்தைக் குறைப்பதில்தான் தசைக்கும் மூட்டுக்கும் அடி அதிகம். ஓடும் பைக்கில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முழு எடையும் முன் ஃபோர்க்கில் இறங்குமே, அதுபோல உங்கள் முழு எடையும் அப்போது முட்டியில் இறங்குகிறது.

தொடையின் பின்பக்கத் தசையான ஹேம்ஸ்ட்ரிங்கின் கதை வேறு. முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னால் நீண்டு தரையைத் தொடப்போகும் கடைசி நொடியில் அந்தத் தசை நீள்கிறது. அதே நேரம் காலை இழுத்து நிறுத்தவும் பார்க்கிறது. இரண்டு பக்கமும் இழுபடும் கயிறு மாதிரி. ஏற்கெனவே களைத்துப்போன தசையாக இருந்தால், கிழிவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

ஆக, பிரஸ்ஸிங் உடம்புக்குக் கஷ்டமான வேலைதான். அதில் சந்தேகம் இல்லை. கஷ்டமான வேலை எல்லாமே காயத்தில்தான் முடியுமா என்பதுதான் கேள்வி.

கோச்களுக்கு எதிரான கேஸ்

முதலில் குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம்.

2015 அக்டோபரில் கிளாப் லிவர்பூலுக்கு வந்தார். சீசனின் நடுவே வந்தவர், தன் ஓட்டத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார். அந்தக் குளிர்காலத்தில் லிவர்பூல் வீரர்களின் ஹேம்ஸ்ட்ரிங் வரிசையாகப் போக ஆரம்பித்தது. 2016 ஜனவரி 5-ம் தேதி ஸ்டோக் அணிக்கு எதிரான லீக் கப் அரையிறுதியில், முதல் பாதி முடிவதற்குள்ளேயே கொட்டின்யோ, லோவ்ரன் இருவரும் ஹேம்ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிட்னஸ் பயிற்சியாளர் ரேமண்ட் வெர்ஹெய்யன், இதற்குக் கிளாப்பின் முறைதான் காரணம் என்று வெளிப்படையாகவே விமர்சித்தார்.

அடுத்து மார்செலோ பியெல்சா. லீட்ஸ் யுனைடெட்டைப் பல வருடம் கழித்து பிரீமியர் லீக்குக்குக் கூட்டிவந்தவர். பயிற்சியில்கூட நிற்காமல் ஓடவைக்கும் அவருடைய ஆட்டத்துக்கு 'மர்டர்பால்' என்றே பெயர். 2021-22 சீசனில் பேம்ஃபோர்டு நீண்டகாலம் வெளியே உட்கார்ந்தார். 2021 டிசம்பர் 5-ம் தேதி பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான ஒரே மேட்சில் கால்வின் ஃபிலிப்ஸ், கேப்டன் லியம் கூப்பர் இருவருக்கும் ஹேம்ஸ்ட்ரிங் போனது. 2022 பிப்ரவரி 27-ல் பியெல்சாவின் வேலையும் போனது.

மூன்றாவது, ஆஞ்ச் போஸ்டகோக்லூ. 2024-25 சீசனில் அவருடைய டாட்டன்ஹாம், மைதானத்தின் நடுக்கோடு வரை டிஃபென்ஸை ஏற்றிவைத்து ஆடியது. டிசம்பர் 8-ம் தேதி செல்சிக்கு எதிரான மேட்சில், காயத்திலிருந்து திரும்பிவந்த ரொமேரோ, வான் டி வென் இருவருமே அதே மேட்சில் மறுபடி காயத்தோடு வெளியேறினார்கள். லீக்கில் டாட்டன்ஹாம் 17-வது இடத்தில் முடித்தது. யூரோப்பா லீக் கோப்பையை ஜெயித்தும், ஜூன் 6-ல் அவரை அனுப்பிவிட்டார்கள்.

மூன்று கோச், மூன்று கிளப், ஒரே கதை. கேஸ் முடிஞ்சுதுன்னு தோணுதுல்ல? இருங்க.

எதிர்த்தரப்பு என்ன சொல்லுது?

அதே கிளாப், அதே பிரஸ்ஸிங். 2019-20 சீசனில் லிவர்பூல் 30 வருடம் கழித்து லீக் பட்டம் வென்றது. அந்த அணியின் டிஃபெண்டர் விர்ஜில் வான் டைக், 38 லீக் மேட்ச்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார்.

அடுத்த சீசனில் அதே வான் டைக்கின் முட்டி லிகமென்ட் போனது உண்மை. ஆனால் எப்படி? 2020 அக்டோபர் 17-ம் தேதி எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு வந்து மோதியதில். அவருடைய ஜோடி ஜோ கோமெஸ் காயம்பட்டது இங்கிலாந்து அணியின் பயிற்சியில். இரண்டுக்கும் கிளாப்பின் பிரஸ்ஸிங்குக்கும் என்ன சம்பந்தம்?

டாட்டன்ஹாம் கோல்கீப்பர் விகாரியோவுக்கும் அதே 2024-25 சீசனில் கணுக்கால் உடைந்தது. கோல்கீப்பர் எங்கே போய் பிரஸ் பண்ணினார்?

லீட்ஸைப் பாருங்கள். 2020-21-லும் அதே பியெல்சா, அதே ஓட்டம். அந்த சீசனில் அணி 9-வது இடம் பிடித்தது. ஸ்டைல் மாறவில்லை, முடிவு மாறியது. அப்படியென்றால் ஸ்டைலைத் தவிர வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும், அல்லது சேர்ந்துகொண்டே வந்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 2015-16 சீசனில் யாரும் எதிர்பார்க்காமல் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டி. அவர்கள் பின்னால் காத்திருந்து, பந்து கிடைத்ததும் பாயும் அணி. காயங்கள் மிகக் குறைவு. 'பார்த்தீங்களா, பிரஸ் பண்ணலை, காயம் இல்லை' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர்களுக்கு அந்த வருடம் ஐரோப்பியப் போட்டிகள் கிடையாது. பெரும்பாலான வாரங்களில் ஒரே ஒரு மேட்ச்தான். ஸ்டைல் காப்பாற்றியதா, காலண்டர் காப்பாற்றியதா?

ஆய்வுகள் சொல்றது என்ன?

ரசிகர்கள் சண்டையை விட்டுவிட்டு எண்களுக்கு வருவோம்.

ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ, 2001 முதல் பெரிய கிளப்களின் காயங்களைத் தொடர்ந்து பதிவு செய்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையிலான ஆய்வு இது. அதன்படி, மொத்தக் காயங்களில் ஹேம்ஸ்ட்ரிங்கின் பங்கு 2001-02 சீசனில் 12 சதவிகிதம். 2021-22 சீசனில் 24 சதவிகிதம். இரண்டு மடங்கு!

அதே காலகட்டத்தில் ஆட்டமும் மாறியது. பிரீமியர் லீக்கில் 2006-07 முதல் 2012-13 வரை நடந்த ஓர் ஆய்வில், ஒரு வீரர் மேட்சில் ஓடும் மொத்தத் தூரம் சுமார் 2 சதவிகிதம்தான் கூடியிருந்தது. ஸ்பிரின்ட்களின் எண்ணிக்கை மட்டும் சுமார் 85 சதவிகிதம் எகிறியிருந்தது. தூரம் அதேதான், வேகம்தான் ஏறியிருக்கிறது. இது பிரஸ் ஆடும் அணிகளுக்கு மட்டும் இல்லை. மொத்த லீக்குமே இப்படித்தான்.

அடுத்தது முட்டி. ஏ.சி.எல் எனப்படும் முட்டி லிகமென்ட் கிழிவதுதான் எல்லா ஆட்டக்காரர்களும் பயப்படும் காயம். இத்தாலியத் தொழில்முறைக் கால்பந்தில் 134 ஏ.சி.எல் காயங்களின் வீடியோக்களை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 88 சதவிகிதம் முட்டியில் யாரும் நேரடியாக மோதாமல் நடந்தவை. எந்தச் சூழ்நிலையில் என்று பார்த்தால், முதலிடம் எதற்குத் தெரியுமா? எதிரியைப் பிரஸ் பண்ணப் போகும்போதும், டேக்கிள் பண்ணும்போதும். சுமார் 47 சதவிகிதம்!

'அப்ப பிரஸ்ஸிங்தான் குற்றவாளி'ன்னு ஷேர் பண்ணக் கிளம்பிடாதீங்க. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆபத்தானது, எதிரி முன்னால் போய் பிரேக் போட்டு, அவன் திரும்பும் பக்கம் நாமும் சட்டென்று திரும்பும் அந்த ஓர் அசைவு. பின்னால் காத்திருந்து ஆடும் அணியின் டிஃபெண்டரும் அதே அசைவைச் செய்தே ஆக வேண்டும். ஹை பிரஸ் ஆடும் அணி அதை மேலே போய், அதிக முறை செய்கிறது. சீட்டு எல்லோரும் வாங்குகிறார்கள், இவர்கள் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார்கள். அதனால் குலுக்கலில் இவர்கள் பெயர்தான் வரும் என்று சொல்லிவிட முடியாது.

இன்னும் முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய ஐரோப்பிய கிளப்பில், வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடியபோதும் இரண்டு மேட்ச் ஆடியபோதும் என்ன ஆனது என்று ஒப்பிட்டு, 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு மேட்ச் என்றால் ஆயிரம் மணி நேர ஆட்டத்துக்கு 4.1 காயங்கள். இரண்டு மேட்ச் என்றால் 25.6. ஆறு மடங்கு! அதைவிட ஆச்சர்யம், வீரர்கள் ஓடிய தூரமும் வேகமும் குறையவே இல்லை. வெளியே பார்த்தால் 'நல்லாத்தானே ஓடுறான்' என்று தெரியும். உள்ளே தசை கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்.

கோச்சுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. மெடிக்கல் டீமும் தலைமைக் கோச்சும் சரியாகப் பேசிக்கொள்ளாத கிளப்களில் காயங்களின் சுமை அதிகமாக இருந்தது என்று எக்ஸ்ட்ராண்ட் குழுவின் இன்னோர் ஆய்வு காட்டியது. என்ன ஆட்டம் ஆடச் சொல்கிறார் என்பதோடு, 'இவனால இன்னிக்கு முடியாது சார்' என்று பிசியோ சொன்னால் காது கொடுக்கிறாரா என்பதும் முக்கியம்.

நம்ம சூசைராஜின் முட்டி

இந்தியாவுக்கு வருவோம். இன்னும் சொன்னால், நம்ம தெற்குக் கடற்கரைக்கே வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்ற மீனவ கிராமத்திலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் வழியாக ஏ.டி.கே அணிக்குப் போய், 2020 மார்ச் 14-ல் ஐ.எஸ்.எல் கோப்பையையும் வென்றவர். இடது கால் வேகம்தான் அவர் அடையாளம்.

அதன் பிறகு கொரோனா வந்தது. எட்டு மாதம் லீக் இல்லை. 2020 நவம்பர் 20-ம் தேதி, கோவாவில் காலி மைதானத்தில் புது சீசன் தொடங்கியது. ஏ.டி.கே மோகன் பகான், கேரளா பிளாஸ்டர்ஸை எதிர்கொண்ட அந்த முதல் மேட்ச்சின் முதல் பாதியிலேயே சூசைராஜ் முட்டிக் காயத்தோடு வெளியேறினார். அத்தோடு அவருடைய அந்த சீசன் முடிந்தது.

அவருடைய கோச் அன்டோனியோ ஹபாஸ். ஹை பிரஸ்ஸுக்குப் பெயர் போனவர் இல்லை. இறுக்கமான டிஃபென்ஸும் கவுன்டர் அட்டாக்கும்தான் அவருடைய முத்திரை. ஒரே ஒரு காயத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் 'பிரஸ் ஆடாத கோச்கிட்ட போனா முட்டி சேஃப்' என்று நினைப்பவர்கள் இந்த மேட்சையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்குகுளிக்கிறவங்களைக் கேளுங்க

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள தூத்துக்குடிக்காரர்களுக்கு இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

நம்ம ஊரில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதற்கு முன்னால் மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் குளித்த காலத்தை நேரில் பார்த்து எழுதிவைத்தவர்கள், ஒரு கணக்கைக் குறித்திருக்கிறார்கள். ஒரு தோணியில் ஐந்து கல், பத்து குளியாளிகள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கீழே போய்வந்தால், அடுத்தவர் போகும்வரை இவருக்கு மூச்சுவாங்க நேரம். எவ்வளவு முத்து ஆசை இருந்தாலும், அந்த மாற்று ஆள் கணக்கை அவர்கள் விடவில்லை.

இன்றைக்கும் சங்குகுளிக்கப் போகிறவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். ஆழம் மட்டும் ஆளை அடிக்காது. எவ்வளவு நேரம் கீழே இருந்தாய், எவ்வளவு வேகமாக மேலே வந்தாய், அடுத்த முங்கலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் விட்டாய் என்பதுதான் கணக்கு. அதே ஆழத்துக்குப் போய் ஒருவர் சிரித்துக்கொண்டு வருவார், அவசரப்பட்ட இன்னொருவர் கைகால் மரத்துப்போய் வருவார்.

ஹை பிரஸ் என்பது ஆழமான முங்கல். அவ்வளவுதான். அது ஆபத்தா இல்லையா என்பதை முடிவு செய்வது, எவ்வளவு தடவை, எவ்வளவு இடைவெளியில், எந்த உடம்போடு போனாய் என்பதுதான். கிளாப் சீசன் நடுவே வந்ததும், புது ஓட்டத்துக்குப் பழகாத கால்கள் அதே ஆழத்துக்குத் திடீரென்று இறக்கப்பட்டன. நாலு வருடம் பழகிய பிறகு அதே ஆழம் அவர்களுக்குச் சாதாரணமாகிவிட்டது.

நம்ம கிரவுண்டுல உண்மையான வில்லன் யார்?

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு வருவோம். காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் பல பத்தாண்டுகளாக மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பையை அகில இந்திய அளவில் நடத்துகிற அளவுக்கு, ஃபுட்பால் ஊறிய மாவட்டம் இது. அந்த மாதிரிப் போட்டிகளுக்கு வரும் அணிகளுக்குத் தயாரிப்பு இருக்கும். பிரச்னை, உள்ளூர் செவன்ஸில் தயாரிப்பே இல்லாமல் இறங்கும் நமக்குத்தான். கிளாப்பின் வீரர்களிடம் இருப்பதில் பாதி நம்மிடம் இல்லை. அவர்களுடைய ஓட்டத்தை மட்டும் காப்பியடிக்கிறோம்.

ஒரே நாளில் மூன்று மேட்ச்: காலையில் லீக், மதியம் குவார்ட்டர், சாயங்காலம் செமி. வாரத்துக்கு இரண்டு மேட்ச் ஆடினாலே ஆறு மடங்கு காயம் என்று பார்த்தோம். ஒரே நாளில் மூன்றுக்கு என்ன கணக்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெயில்: உப்பளம் வைக்க ஏற்ற ஊர் என்றால் அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 டிகிரியைத் தாண்டினால், மேட்சை நிறுத்தித் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறது ஃபிஃபா விதிமுறை. நம்ம ஊரில் 'தண்ணி குடிச்சா வயிறு கனக்கும்டா' என்கிறோம்.

தரை: ஒரு நாள் கடற்கரை மணல், மறுநாள் கல்லாக இறுகிய செம்மண், அடுத்த நாள் டர்ஃப். ஒவ்வொன்றிலும் கால் பிடிக்கும் விதம் வேறு. மணலில் பழகிய பிரேக்கை டர்ஃபில் போட்டால், ஷூ நிற்கும், முட்டி சுற்றும்.

தூக்கம்: சாம்பியன்ஸ் லீக் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் படுத்து, ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வருவது. பள்ளி வயது விளையாட்டு வீரர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் 1.7 மடங்கு அதிகமாக வந்தது. உங்க ஹேம்ஸ்ட்ரிங்கைப் பொறுத்தவரை, உங்க போனும் ஒரு கோச்தான். அதுவும் மோசமான கோச்!

அவசரமாகத் திரும்பி வருவது: யுஇஎஃப்ஏ ஆய்வில் ஹேம்ஸ்ட்ரிங் காயங்களில் 18 சதவிகிதம், பழைய காயம் மறுபடி வந்தவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், மைதானத்துக்குத் திரும்பிய இரண்டே மாதத்தில் நடந்தவை. அவ்வளவு வசதி உள்ள கிளப்களிலேயே இந்த நிலை. 'ஃபைனல்டா மாப்ள, ஒரு ஹாஃப் மட்டும் இறங்கு' என்று கூப்பிடும் நண்பனை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிரஸ் ஆடணும். கால் போகக் கூடாது. என்ன பண்ணலாம்?

1. வார்ம்-அப்பை ஆட்டத்தின் பாகமாக்குங்க: 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. 20 நிமிடம்தான். கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 1,900 பெண் வீரர்களை வைத்துச் சோதித்தபோது, காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. யூடியூபில் இலவசம். பெண் வீரர்களுக்கு ஏ.சி.எல் ஆபத்து ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால், பெண்கள் அணி வைத்திருக்கும் கோச்கள் இதைத் தவறவே விடக் கூடாது.

2. நோர்டிக் பண்ணுங்க: முட்டி போட்டு நில்லுங்கள். நண்பன் உங்கள் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை மெதுவாக முன்னால் சாயவிடுங்கள். முடிந்தவரை தாக்குப்பிடித்துவிட்டுக் கையை ஊன்றுங்கள். இந்த ஒரு பயிற்சியைச் சேர்த்த அணிகளில் ஹேம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்று 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு செட். மறுநாள் வலிக்கும், பயப்படாதீங்க. மெதுவாகக் கூட்டுங்கள்.

3. ஆழத்தைப் படிப்படியா கூட்டுங்க: பரீட்சை லீவு முடிந்து வந்த முதல் வாரமே முழு மேட்ச் பிரஸ் வேண்டாம். முதல் பத்து நிமிடம் பிரஸ், பிறகு பின்வாங்கு. அடுத்த வாரம் பதினைந்து. சும்மா இருந்த கால்களுக்கு எட்டு மாத இடைவெளி மட்டும் இல்லை, ஒரு மாத இடைவெளியும் இடைவெளிதான்.

4. பிரேக் போடக் கத்துக்கோங்க: எதிரியை நெருங்கும்போது கடைசி இரண்டு மூன்று அடியைச் சின்னச் சின்ன ஸ்டெப்பாக வையுங்கள். முட்டியை மடக்குங்கள். ஒரே காலை நீட்டி ஊன்றித் திரும்பாதீர்கள். 134 வீடியோக்கள் சொல்லும் பாடம் இதுதான்.

5. சேர்ந்து பிரஸ் பண்ணுங்க: பதினோரு பேரும் நெருக்கமாக நின்று பிரஸ் பண்ணினால், ஒவ்வொருவரும் ஓட வேண்டியது ஐந்து, பத்து அடிதான். ஒருவன் மட்டும் ஓடி, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால் பந்து அவனைத் தாண்டும். பிறகு டிஃபெண்டர்கள் நாற்பது அடி திரும்பி ஓட வேண்டும். அந்த மாதிரி நீளமான, முழு வேக ஓட்டத்தில் ஹேம்ஸ்ட்ரிங் போகலாம். மோசமாக ஆடும் பிரஸ்தான் நல்ல பிரஸ்ஸைவிட ஆபத்து.

6. மாற்று ஆளைப் பயன்படுத்துங்க: ஒரு கல்லுக்கு இரண்டு பேர் கணக்கு ஞாபகம் இருக்கா? செவன்ஸ் டோர்னமென்டில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் தண்ணீர் பாட்டில் தூக்குவதற்கு வந்தவன் இல்லை.

'டப்'னு சத்தம் கேட்டுச்சா?

முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தமோ உணர்வோ வந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், அதைச் சாதாரணச் சுளுக்கு என்று விடாதீர்கள். எண்ணெய் போட்டு உருவி, இழுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு இறங்கக் கூடாது. எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். லிகமென்ட் கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ தேவையா என்று அவரைக் கேளுங்கள்.

ஆபரேஷன் ஆகிவிட்டால் ஒன்பது மாதம் பொறுங்கள். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் ஆபத்து பாதியாகக் குறைந்தது. ஐரோப்பிய வீரருக்குக் காயம்பட்டால் கிளப் சம்பளம் தரும். கடலுக்குப் போகும் வீட்டுப் பையனுக்கும், துறைமுகத்தில் சுமை ஏற்றும் அண்ணனுக்கும் முட்டிதான் சம்பளம். அவர்களுக்கு இந்த ஒன்பது மாதம் ஒரு சீசனோடு முடிகிற விஷயம் இல்லை. வீட்டு வருமானத்தோடு சேர்ந்த விஷயம்.

கடைசியா, கோச் குற்றவாளியா?

ஹை பிரஸ் ஸ்டைலை மட்டும் தனியாக எடுத்து, 'இதுதான் காயத்துக்குக் காரணம்' என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. வேகமும் பிரேக்கும் கூடும்போது ஆபத்து கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அந்த ஆபத்தைக் காயமாக மாற்றுவது நெருக்கமான மேட்ச்கள், போதாத ஓய்வு, தயாராகாத தசை, அவசரமாகத் திரும்புவது. இந்த நாலும் இருக்கும்போதும் 'ஓடு, ஓடு' என்று கத்தும் கோச், ஆம், அவர் பொறுப்புதான். ஆனால் அவர் செய்த தப்பு பிரஸ் ஆடச் சொன்னது இல்லை. எப்போது நிறுத்துவது என்று பார்க்காமல் விட்டதுதான்.

அதனால் அடுத்த ஞாயிறு, தொடையில் ஒரு சின்ன இழுப்பு தெரிந்தால், அதை மறைத்துக்கொண்டு ஆடாதீர்கள். கையைத் தூக்குங்கள். "அண்ணே, பின்தொடை இழுக்குது, மாத்துங்க" என்று சொல்லுங்கள். யாராவது கிண்டல் பண்ணினால் பண்ணட்டும். மூச்சு முட்டினதும் கயிற்றை இழுத்து மேலே வந்த குளியாளியை, நம்ம ஊரில் யாரும் கோழை என்று சொன்னதில்லை. மறுபடி குளிக்க ஆள் வேண்டுமே!